மைனி முற்றத்தில் போய் விழுந்த வெடிச்சத்தம்

துப்பாக்கி சுடுகிறவர்களுக்குக் காதில் மாட்ட கனமான மூடி கொடுப்பார்கள். அந்தச் சத்தத்துக்காக வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்குகிறவளுக்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள், மாட்டிக்கொண்டால் திட்டு கேட்காது அல்லவா.

மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு, மரம் அறுக்கிற மில்லுக்கு எதிர்வீடு, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கருக்கு நேரே ஜன்னல் என்று கர்த்தர் பங்கு வைத்துக் கொடுத்த இடத்தில் பிழைக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "ஜன்னலைச் சாத்திட்டா போச்சு" என்று சொல்லிவிட்டு அவர்கள் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

எங்கள் ஊர் அருமனைக்குக் கிழக்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில். மகள் மஸ்கட்டில் நர்ஸ். மகன் கோயம்புத்தூரில் கம்பெனி வேலை. இரண்டு பேரும் போனில் "அம்மா, நீங்க இனி சும்மா இருங்க" என்றார்கள். சும்மா இருப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் வேலைக்குப் போனேன்.

சாயா போடப் போனவள்

ஊருக்கு மேலே, பாறை விளை என்கிற தோட்டத்தைத் தாண்டி, துப்பாக்கி சுடும் பயிற்சி மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே சாயா போட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, முழங்காலில் நின்று ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போனேன். செக்ரட்டரி பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சுபேதார் ஐயாதான். பீரங்கிக்குப் பக்கத்திலேயே காலம் கழித்ததில் ஒரு காது முழுக்கப் போய், மறுகாது பாதி வேலைதான் செய்யும். அதனால் என் முதல் சாயாவைக் குடித்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி "நல்லாயிருக்கு!" என்றார். பயத்தில் தட்டு என் கையில் இருந்து நழுவிவிட்டது.

கொஞ்ச நாளில் ஒரு வினை வந்தது. மைதானத்துச் சத்தம் பொறுக்க முடியவில்லை என்று மேலிடத்துக்குப் புகார் போய்விட்டது. அதிகாரிகள் வந்து, மழைக்காலம் முடிவதற்குள் சத்தத்தைக் குறைக்க வேண்டும், குறைந்ததா என்று புகார் கொடுத்தவர் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து கேட்போம், குறையவில்லை என்றால் மைதானத்துக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புகார் கொடுத்தது யார் என்று பார்த்தால் ரோஸ்லெட் மைனி. என் சொந்த அண்ணன் பெண்டாட்டி! சபையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவள். இதை நான் சொன்னதும் சுபேதார் ஐயாவின் முகம் விடிந்தது. அன்றே எனக்கு வேலை உயர்வு. அக்கம்பக்கத்து வீடுகளின் சங்கடத்தைக் கேட்டு வந்து சொல்ல வேண்டியது இனி என் பொறுப்பு. நான் தயங்கினேன். அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கச் சொன்னார்:

"சாயா யாரு வேணும்னாலும் போட்டுக்கலாம் அம்மா. உங்க மைனியை சமாளிக்க இந்த ஜில்லாவில வேற ஆளு கிடையாது!"

சாயாவில் கிடந்த கொசு

மைனியின் புகார் கோழியைப் பற்றியது. வெடிச்சத்தத்தில் கோழி பயந்து முட்டையிடுவதை நிறுத்திவிட்டதாம். "எனக்க கோழி முன்னால எப்பிடி இருந்தது தெரியுமா" என்று ஆரம்பித்தாள் என்றால், ஏதோ சபை மூப்பரைப் பற்றிச் சாட்சி சொல்வது போல இருக்கும். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மைனியின் வீட்டுக்காரர், என் தாசையா அண்ணன், பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் காலமெல்லாம் மரத்தடி ஏற்றுகிற லாரி ஓட்டினவர். கீரிப்பாறை வளைவுகளில் ராத்திரி மழையில் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பினவர். போன வருஷம் நெஞ்சு வலி வந்து, நெய்யூர் ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பி வந்தார். மத்தியானம் கட்டாயம் உறங்க வேண்டும், அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று மேலே மைதானத்தில் ஒரு வெடி. அண்ணன் கை தூக்கிப்போட்டது. சாயா முழுக்க வேட்டியில். மைனி பேச்சை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் கோழியைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புகார் கோழிக்கு இல்லை. லாரி ஓட்டின மனுஷன் வெடிக்குப் பயப்படுகிறார் என்று ஊரில் சொல்ல மைனிக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அண்ணனோ ஒன்றுமே நடக்காத மாதிரி டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துச் சொன்னார்:

"சாயாவில ஒரு கொசு கிடந்து பிள்ளே. அதாக்கும் ஊத்திக் களைஞ்சேன்."

அன்று வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே ஜெபித்தேன். மைதானமும் பூட்டக் கூடாது, அண்ணன் கையும் நடுங்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்பது பேராசை என்று தெரியும். ஆனாலும் கேட்டேன்.

காது கேட்காதவர் சத்தம் கேட்கப் போனது

முதல் வேலையாக, சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று தானே நேரில் பார்க்க வேண்டும் என்றார் சுபேதார் ஐயா. மைனி முற்றத்தில் வந்து நிமிர்ந்து நின்றார். மேலே ஜெனிஷா சுட்டாள். ஜெனிஷா காலேஜில் படிக்கிற பெண். மாநிலப் போட்டிக்குத் தயாராகிறாள். எங்கள் மைதானம் பூட்டினால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பாவம், ஐயா கீழே கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று அவளும் ஆசையாகச் சுட்டாள். மரத்தில் இருந்த காக்கை எல்லாம் பறந்தது. ஐயா என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்போ ஆரம்பிப்பா?" என்றார்.

மறுநாள் ஜெனிஷா அவர் போனில் சத்தம் அளக்கிற ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். சத்தம் வந்தால் திரையில் முள் ஏறும். மறுபடியும் மைனி முற்றத்தில் நின்று பார்த்தோம், வெடிக்கு முள் குபீரென்று ஏறியது. ஐயாவுக்கு வருத்தம். அந்த நேரம் பார்த்து மைனியின் ஆடு கயிறை அறுத்துக்கொண்டு மரச்சீனிக் கிழங்குச் செடிகளுக்குள் பாய்ந்தது. "ஏட்டீ!" என்று மைனி ஒரு சத்தம் போட்டாள். அவ்வளவுதான், முள் வெடியைத் தாண்டி மறுகரைக்குப் போய் அங்கேயே நின்றது. ஐயா குழந்தை மாதிரி குதித்து, போனை மைனிக்கு நேரே நீட்டி, "பாருங்க அம்மா, எங்க துப்பாக்கியை விட நீங்கதான் கூட!" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைக்க வேண்டியிருந்தது. மைனிக்கு அசைவே இல்லை.

"எனக்க சத்தம் எனக்க விளையில கிடக்கு. உமக்க சத்தம் எதுக்கு வேலி சாடி எனக்க விளைக்கு வருது?"

ஐயாவுக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஆமென் சொல்லும் நேரம்

அண்ணனின் சுகத்துக்காக மைனி வீட்டில் புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். சபைப் பெண்கள் பாய் நிறைய உட்கார்ந்திருந்தோம். போதகர் கண்ணை மூடி, "கர்த்தாவே, எங்களோடு பேசும்" என்றார்.

டமார்.

எனக்கு முன்னால் இருந்த அக்கா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். போதகர் தொண்டையைச் செருமி, "இந்தக் குடும்பத்துக்குச் சமாதானம் தாரும்" என்றார். டமார், டமார். பெண்கள் வரிசையில் எங்கோ ஓர் ஓரத்தில் "க்ளுக்" என்று ஒரு சத்தம். அது அடுத்தவளுக்குத் தொற்றியது. ஜெபத்தில் சிரிக்கக் கூடாது என்று நினைக்க நினைக்கத்தான் வரும், உங்களுக்குத் தெரியாதா. நான் என் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். பக்கத்தில் மைனி கண்ணை மூடியபடியே என்னை முழங்கையால் இடித்தாள். கண்ணை மூடியபடியே நான் "மாத்திருதேன் மைனி" என்றேன். போதகரும் விவரமானவர். நீண்ட ஜெபத்தைச் சுருக்கி, ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் "ஆமென்" சொல்லி இறங்கிவிட்டார்.

மறுநாளே ஐயாவிடம் சொல்லி, புதன் சாயங்காலமும் ஞாயிறு காலையும் அண்ணன் உறங்குகிற மத்தியானமும் துப்பாக்கி பெட்டியில்தான் என்று முடிவாக்கினேன். அதைப் போதகரிடம் போய்ச் சந்தோஷமாகச் சொன்னால், அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

"அப்படியாக்கா? என் ஜெபத்தை எங்க நிறுத்தணும்னு ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருந்தது."

மழை பெய்த டயர்

நேரம் மாற்றினது சரி, சத்தம் குறையணுமே. பட்டாளத்தில் டயர் சுவர் கட்டிப் பார்த்திருக்கிறேன் என்றார் ஐயா. பழைய டயரை வரிசை வரிசையாக அடுக்கி, சுடுகிற கொட்டகைக்கு இரண்டு பக்கமும் சுவர் மாதிரி வைத்தால் சத்தம் அதில் மோதி அமுங்குமாம். டயருக்கு எங்கே போவது? நான் அண்ணனிடம் கேட்டேன். அவருடைய லாரிக் கூட்டாளிகள் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகப் பொறுக்கி, ஒரு லோடு கொண்டுவந்து தட்டிவிட்டுப் போனார்கள். அதில் அண்ணன் ஓட்டின வண்டி டயரும் இருந்ததாம். "கொள்ளாம். எனக்க டயரே எனக்குக் காவல் நிக்கட்டும்" என்றார் அண்ணன்.

அடுக்கி முடித்த அன்று ராத்திரி மழை தொடங்கியது. எங்கள் பக்கத்து மழையை நீங்கள் அறிவீர்கள், வந்தால் விருந்தாளி மாதிரி தங்கித்தான் போகும். வாரம் திரும்புவதற்குள் ஒவ்வொரு டயரும் ஒரு குளம், ஒவ்வொரு குளத்திலும் புழு துள்ளுகிறது. வெடிச்சத்தம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான், அந்த இடத்தை நிரப்பக் கொசுச்சத்தம் வந்துவிட்டது. துப்பாக்கியைத் தோளில் வைத்து மூச்சைப் பிடித்துக் குறிபார்க்கிற நேரம் மூக்கில் கொசு உட்கார்ந்தால் என்ன செய்ய முடியும்? ஜெனிஷா சுட்டது குறி அட்டைக்கே போகவில்லை, மண்மேட்டில் போய்ப் புதைந்தது. சுகாதார ஆய்வாளர் தம்பி டார்ச்சும் கரண்டியுமாக வந்தார். ஐயா அவரிடம் சத்தம் எப்படி அமுங்குகிறது என்று விளக்கினார். தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கழுத்தில் ஒரு அடி அடித்து, கையைப் பார்த்துச் சொன்னார்:

"சாரே, உங்க குண்டு எங்கோட்டுப் போகும்னு உங்களுக்குத் தெரியும். இந்தக் கொசு எங்கோட்டுப் போகும்னு குறி பாத்துச் சொல்லுங்க, நான் போயிடுதேன்."

பிறகு எல்லா டயரையும் இறக்கி, துளை போட்டு, கீழ் வரிசைகளில் மண்ணும் மேல் வரிசையில் தேங்காய் உரித்த கதம்பையும் நிரப்பி மறுபடியும் அடுக்கினோம். கதம்பை திணித்தது நானும் சபைப் பெண்களும். இரண்டு நாள் எங்கள் தலை எல்லாம் நார்ச் சவுரி. கண்ணாடியில் பார்த்தால் கரடி.

டாக்டர் பையனின் மெத்தை

டயர் பக்கவாட்டுச் சத்தத்தைப் பிடித்தது. கொட்டகையின் தகரக் கூரை மட்டும் ஒவ்வொரு வெடியையும் வாங்கி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. கூரைக்கு அடியிலும் பின்சுவரிலும் மெத்தென்று எதையாவது ஒட்டவேண்டும். கடையில் கேட்ட விலைக்கு ஐயாவுக்கு இருந்த பாதிக் காதும் அடைத்துப் போனது. சபையில் பெண்கள் கூடுகைக்குப் போனபோது எழும்பி நின்று, "யாரு வீட்டிலாவது பழைய நார் மெத்தை கிடந்தா கர்த்தருடைய நாமத்தில தாங்க" என்றேன். ஊரில் இவ்வளவு மெத்தை உறங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஆட்டோவில் வந்தது, தலைச்சுமையாக வந்தது, ஒன்று பைக்கில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது.

எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, கம்பிவலை போட்டு ஆணியடித்து மாட்டினோம். மேலே சாக்குத் துணி கட்டுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. சனிக்கிழமை பல் டாக்டர் சுட வருவார். மரியாதைப்பட்ட மனுஷன், கூலிங் கிளாஸ், இஸ்திரி போட்ட சட்டை, குறி தவறாதவர். அன்று கொட்டகைக்குள் நுழைந்து ஒரு மெத்தைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அதில் பெரிதும் சின்னதுமாகக் கறை, ஸ்கூலில் தொங்குகிற உலகப்படம் மாதிரி. கொடுத்துவிட்டது அவருடைய அம்மா. கொடுக்கும்போது கண் கலங்கி, "இது எனக்க மோன் சின்னதில படுத்தது. கொஞ்சம் பெரிசாகிற வரைக்கும் அவனுக்கு அந்தச் சீக்கு உண்டு" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். ஜெனிஷா உட்பட.

டாக்டர் அன்று சுட்டது ஒன்றுகூட நடுவில் விழவில்லை. சுடுவார், திரும்பிப் பார்ப்பார். சுடுவார், திரும்பிப் பார்ப்பார். கடைசியில் சாயா குடிக்க வருவது போல என்னிடம் வந்து, கூலிங் கிளாஸைக் கழற்றாமலே சொன்னார்:

"அக்கா, அந்த ஆஸ்திரேலியாவைக் கொஞ்சம் மறுபக்கமா திருப்பிப் போடுங்க. இல்லேன்னா நான் கிளப்பை விட்டே போயிருவேன்."

நடந்து போகிற தோட்டா

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தது, சாட்டையைச் சுழற்றி அடித்தது போன்ற ஒரு சொடுக்கு. அது தோட்டா காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தமாம். வேகம் குறைந்த தோட்டா உண்டு, அது கிழிக்காமல் போகும் என்று ஐயா அதை வரவழைத்தார். ஜெனிஷா போட்டுப் பார்த்தாள். சொடுக்கு இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் ஸ்தோத்திரம் வாய்விட்டு வந்துவிட்டது. அவள் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆன்ட்டி, தோட்டாவுக்கும் நீங்க உங்க சாந்தகுணத்தைக் கத்துக் குடுத்துட்டீங்களா? வழியில எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போகுது."

கோழி இருந்த இடம்

அதிகாரிகள் வருகிற நாள் நெருங்கியது. காலையில் மைதானம் பெருக்கிக்கொண்டிருந்தபோது டயர் சுவருக்குள் இருந்து ஒரு கொக்கரிப்பு. ஏறிப் பார்த்தேன். மேல் வரிசையில், கதம்பை நிரப்பிய டயருக்குள், ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது ரோஸ்லெட் மைனியின் கோழி! அடியில் முட்டை, ஒன்றல்ல, ஒரு குவியல். அது முட்டையிடுவதை நிறுத்தவே இல்லை, டயர் வருவதற்கு முன்னால் மைதானத்துப் புதரில் இட்டிருக்கும். மாவட்டத்திலேயே சத்தம் கூடின இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தினமும் வேலி தாண்டி வந்து இட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஒன்றும் அறியாத முகத்தோடு அரிசி தின்றிருக்கிறது. ஜெனிஷா அதற்கு மிக அருகில் நின்று சுட்டாள். கோழி ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

ஐயா ஆடினார். நிஜமாகவே ஆடினார், பட்டாளத்து ஆட்டம். "வழக்கு முடிஞ்சது அம்மா! அதிகாரிங்க வர்ற அன்னிக்கு இந்தக் கோழியைத் தூக்கிக் கொண்டுபோய் அவங்க மடியில வைப்பேன்!" நானும் சிரித்தேன், கண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அண்ணனின் நனைந்த வேட்டி ஞாபகம் வந்தது. "ஐயா, கோழி ஜெயிக்கிறது பெரிசில்ல. அங்க ஒரு ஆளு உறங்கணும். கோழியைக் காட்டினா எனக்க மைனி நாலு பேருக்கு முன்னால பொய் சொன்னவளாயிருவா. கோழி வேண்டாம்" என்றேன். ஐயா ஆட்டத்தை நிறுத்தினார். பிறகு தன்னுடைய தொப்பியைக் கழற்றி, முட்டை எடுத்துக்கொண்டு போகக் கொடுத்தார்.

கோழியைக் கக்கத்திலும் தொப்பியைக் கையிலுமாக மைனி வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். மைனி முட்டையைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், தொப்பியில் ஒட்டியிருந்த கதம்பை நாரைப் பார்த்தாள். "எங்க இருந்தது?" "டயருக்குள்ள." மைனி அடுப்படிப் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். உள்ளே அண்ணனுக்குக் கேட்டுவிடாமல், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. நானும் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கினேன். கோழி எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விறகுக்கட்டு மேலே ஏறி நின்றது. சிரிப்பு அடங்கினபோது மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முதல்முறையாக உள்ளதைச் சொன்னாள்:

"கோழி போகட்டும், அது செவிடாக்கும். உனக்க அண்ணனுக்குச் செவி உண்டு மக்கா."

அதிகாரிகள் காது கொடுத்த நாள்

அதிகாரிகள் இரண்டு பேர். ஒருவர் மேலே மைதானத்துக்குப் போனார், துப்பாக்கியை உண்மையிலேயே சுடுகிறார்களா என்று பார்க்க. இன்னொருவர் முக்காலி போட்ட ஒரு மெஷினோடு மைனி முற்றத்தில் உட்கார்ந்தார். அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, சாய்வு நாற்காலியை முற்றத்துக்கே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். "நான் உள்ள இருந்தா பயந்து ஒளிஞ்சிருக்கேன்னு நினைப்பாவ" என்றார். வேட்டியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். மைனி அவர் கையில் சாயா கொடுக்கவில்லை. நான் கவனித்தேன்.

மெஷினைத் தட்டினதும் முள் ஆடத் தொடங்கியது. அதிகாரி, "சுட ஆரம்பிச்சாச்சா?" என்றார். இல்லை, ரோட்டில் மீன் வண்டி ஹாரன். நான் ஓடிப்போய் மீன்காரரைக் கும்பிட்டு நிறுத்தினேன். திரும்பினால் சபையில் அசன விருந்துக்கு மைக் கட்டி "ஹலோ ஹலோ" சொல்லிப் பார்க்கிறார்கள். அங்கே ஓடினேன். திரும்பினால் பக்கத்து வீட்டுக் குக்கர். அதையும் இறக்கிவைக்கச் சொல்லி, எதிர்விளையில் மரம் அறுத்தவரை மெஷினை அணைக்கச் சொல்லி, ஆட்டுக்கு வாய் நிறைய பலா இலை திணித்து, மூச்சு வாங்க வந்து நின்றேன். வெடியைக் குறை சொன்ன ஊருக்கு இத்தனை வாய் இருந்தது அன்றுதான் தெரிந்தது. பிறகு ஒரு அமைதி வந்தது பாருங்கள். ரப்பர் இலை விழுவது கேட்டது. எல்லோரும் மேலே பார்த்துக் காத்திருந்தோம். எங்கோ தூரத்தில் தேங்காய் மட்டை ஒடிந்த மாதிரி ஒரு "டொக்". கொஞ்சம் கழித்து இன்னொரு "டொக்". நான் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். ஜெனிஷாவுக்காகக் கொஞ்சம், ஐயாவுக்காகக் கொஞ்சம், மிச்சம் எல்லாம் அந்த வேட்டியைப் பிடித்திருக்கிற கைக்காக.

அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. என்னைப் பார்த்தார். நான் ஜெனிஷாவுக்குப் போன் போட்டேன். "ஆன்ட்டி, கொண்டுவந்த தோட்டா எல்லாம் தீர்ந்துபோச்சே! இங்க நிக்கிற சார் ஒவ்வொரு வெடிக்கும் குதிக்காரு. அங்க கேக்கலியா?" அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. மேலே இருக்கிற தன் கூட்டாளிக்குத் தன் போனில் கூப்பிட்டார். அவருக்கு வெடிக்குப் பக்கத்தில் நின்று காது அடைத்துப்போய் ஒன்றும் கேட்கவில்லை. இவர் நாற்காலியை விட்டு எழும்பி, "சார்! சுட்டாச்சா? எல்லாமே சுட்டாச்சா? சத்தமா சொல்லுங்க சார்!" என்று கத்தினார். அந்த முற்பகலிலேயே அதிகமாக முள் ஏறினது அப்போதுதான். மைனி குறுக்கே வந்து நின்றாள். உதட்டில் விரலை வைத்து, மறுகையால் பின்னால் காட்டினாள். சாய்வு நாற்காலியில் அண்ணனின் கை வேட்டியை விட்டு நழுவி, உள்ளங்கை மேலாகத் திறந்து, தொங்கிக்கொண்டிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. எப்போது உறங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"சாரே, பைய பேசும். ஆளு உறங்குதாரு."

மைதானத்துக்குப் பூட்டு விழவில்லை, அதன் சத்தத்தை டயராலும் மெத்தையாலும் அடக்கி முடித்தோம். இப்போது மைனி முற்றத்தில் மிச்சமிருக்கிற சத்தம் அண்ணனின் குறட்டை ஒன்றுதான், அதற்கு எதை அடுக்க வேண்டும் என்று கர்த்தர் எனக்கு இன்னும் காட்டவில்லை.